குறியீடு 31

வூச் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரக் கிடங்கில்
ஒன்பதாம் மேசை என்னுடையது.
போலந்து வேண்டாமென்று திருப்பியனுப்பும் பொருள்களில்
என் பங்குக்கு வருவது
கம்பியில்லா விசைப்பலகையும் மவுஸும்,
ஒரே பெட்டியில், ஒரே எண்ணில்,
இரண்டுக்கும் பொதுவாக
நகத்தளவு ரிசீவர் ஒன்று.

பொருளைச் சோதிக்கும் முன் காரணச் சீட்டைப் படிக்கக் கூடாது.
படித்துவிடுவேன்.

"இரவில் தானாகவே தட்டச்சு செய்கிறது."
விசைகளுக்கிடையே சாம்பல்நிறப் பூனைமயிர்.
"வால் வைத்த எழுத்துகள் வரவில்லை.
என் பெயரிலேயே இரண்டு இருக்கின்றன."
இது நிஜமான பழுது: வலது ஆல்ட் செத்துவிட்டது. குறியீடு 14.
"படத்தில் பேட்டரி இருந்தது."
"சத்தமே வரவில்லை. நான் வேலை செய்கிறேன் என்று
பக்கத்து அறையில் யாரும் நம்புவதில்லை."
கவிழ்த்துத் தட்டினால் கசகசா கொட்டும்,
ஜனவரி முழுக்க, கிறிஸ்துமஸ் கேக்கிலிருந்து.

அக்டோபரில் ஒரு பெட்டி.
பொகுமிவ் வ்ரோனா, ஷெராட்ஸ்.
"திரையில் அம்பு நடுங்குகிறது."
செருகினேன். வட்டம் போட்டேன். கையை எடுத்தேன்.
அம்பு விட்ட இடத்தில் நின்றது
எருமை மாதிரி.
31: குறை எதுவும் இல்லை.
மாற்றுப் பெட்டி போகட்டும் என்றான் ராட்டிமிர், எங்கள் மேற்பார்வையாளன்.

நவம்பரில் அதே கையெழுத்து, இன்னும் சின்னதாக.
"இதுவும் நடுங்குகிறது. முன்பைவிட அதிகம்.
மேசை ஆடவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்."
மவுஸின் இரு பக்கமும்
ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது.
ஒரு மாதத்தில் அப்படித் தேயாது,
விழாமல் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்தாலொழிய.
என் கையை அதே தேய்மானத்தில் வைத்தேன்.
வைத்தபடி இருந்தேன்.
ஒரு பெட்டிக்கு நாலு நிமிடம் கணக்கு.

சொல்லியிருக்கலாம். பதிலெழுத ஒரு கட்டம் உண்டு,
அறுபது எழுத்துக்கு இடம்.
"ஐயா, பொருளில் அல்ல" என்று தொடங்கி அழித்தேன்.
"ஒரு மருத்துவரை" என்று தொடங்கி அழித்தேன்.
என் விசைப்பலகைக்குக் கம்பி உண்டு;
வழியில் எழுத்து தொலைந்துவிட்டது என்று
நான் சொல்லிக்கொள்ள முடியாது.
31. மாற்றுப் பெட்டி.

பிப்ரவரியில் வந்தது லேசாக இருந்தது.
மவுஸ் மட்டும், ஒரு கம்பளிக் காலுறைக்குள்.
சீட்டு இந்த முறை அச்சடித்தது:

"மவுஸில் ஒன்றும்மில்லை. மூன்றிலும் இல்லை.
இப்போது தேக்கரண்டியும் நடுங்குகிறது.
விசைப்பலகையை வைத்துக்கொள்ளளலாமா?
ஒவ்வோர் எழுத்தாகக் குறிபார்த்து
நாளுக்கு ஒரு கடிதம் முடித்துவிடுகிறேன்.
பாதி விலை தந்தால் போதும். நன்ன்ன்றி."

பாதி விலை என்று ஒன்று கணினிக்குத் தெரியாது.
ஒரு பெட்டி, ஒரு எண். பிரிக்க வழியில்லை.
ராட்டிமிர் புகைக்கப் போயிருந்தான்.
விசைப்பலகை: வந்தது.
ரிசீவர்: வந்தது.
மவுஸ்: வந்தது. மூன்றில் அது ஒன்றுதான் உண்மை.
முழுத் தொகை.

அலமாரிக்குப் போகுமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.
ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன்.
அடிவயிற்றில் சிவப்பு விளக்கு
விட்டு விட்டு எரிந்தது,
அறுபது கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு சமையலறைக் கணினியில் குத்தியிருக்கும்
நகத்தளவுத் துண்டைக் கூப்பிட்டபடி.
என் கட்டைவிரலால் அதை மூடினேன்.
விரலோரம் சிவந்தது.

காலுறை இன்னும் இழுப்பறையில்.
சாம்பல் நிறம், குதிகாலில் தைத்த தையல்,
நூல் வேறு நிறம்.
ஒற்றைக் காலுறைக்கு
எங்களிடம் குறியீடு இல்லை.